பதினொன்றுக்கு அப்புறம் பதின்மூன்று

ஹாங்காங்கில் டிஸ்னி பிளஸ் 2021 நவம்பர் 16 அன்று கடை திறந்தது. ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் பழைய சரக்கு முழுவதும் அலமாரியில் வரிசையாக இருந்தது. பதினாறாவது சீசனைப் பார்க்க உட்கார்ந்தவர்களுக்குப் பதினொன்றாம் எபிசோட் முடிந்ததும் பதின்மூன்று வந்து நின்றது. பன்னிரண்டைக் காணோம். ஹாங்காங் அடுக்குமாடிகளில் நாலாம் மாடியும் பதினாலாம் மாடியும் எண்ணிக்கையில் விட்டுப்போவது உண்டு. நாலு அங்கே சாவுக்கு உரிய எண். பன்னிரண்டின் மேல் அப்படியொரு தோஷம் கிடையாது. ஆக, இது ஜோசியர் பார்த்த வேலை இல்லை.

காணாமல் போன எபிசோடின் பெயர் ‘கூ கூ கை பான்’. 2005 மார்ச் 13 அன்று அமெரிக்காவில் முதலில் ஒளிபரப்பானது. மார்ஜின் அக்கா செல்மாவுக்குப் பிள்ளை வேண்டும். சீனாவில் தத்தெடுக்கலாம் என்று கிளம்புகிறாள். கல்யாணமானவளுக்குத்தான் குழந்தை தருவார்கள் என்பதால், தங்கச்சி புருஷன் ஹோமரையே தன் புருஷன் என்று பொய் சொல்லிவிடுகிறாள். மொத்தக் குடும்பமும் பெய்ஜிங்கில் போய் இறங்குகிறது. தியானன்மென் சதுக்கத்தில் ஒரு பலகை தெரிகிறது. 1989-இல் இந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் காட்சி மாறிவிடும்.

இந்தத் தொடரின் பயண எபிசோடுகள் என்றால் துணுக்கு வேட்டைக்காரர்களுக்குத் தீபாவளி. ஆஸ்திரேலியா, ஜப்பான், பிரேசில் என்று குடும்பம் எங்கே போனாலும், எந்தச் சுவரில் எந்தப் படம், எந்தக் கடையின் பெயரில் என்ன கிண்டல் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறித்துவைப்பார்கள். சீனப் பயணத்திலும் அள்ள அள்ளக் கிடைக்கும். தலைப்பே, அமெரிக்காவில் உள்ள சீன ஓட்டல்களில் கிடைக்கும் கோழி–காளான் பதார்த்தத்தின் பெயரைத் திருகியது. தத்து கொடுக்கும் அதிகாரி மேடம் வூவுக்குக் குரல் லூசி லியு. ஹோமர் உடம்பெல்லாம் தங்கப் பூச்சு பூசிக்கொண்டு புத்தர் சிலையாக உட்காருகிறான். மாவோவின் பதம்செய்த உடலைப் பார்த்து, ஐந்து கோடிப் பேரைக் கொன்ற குட்டித் தேவதை தூங்குவதாகக் கொஞ்சுகிறான்.

நடுவே சீன மேடையில் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகம் வேறு. அமெரிக்க விற்பனைப் பிரதிநிதி ஒருவனின் வீழ்ச்சியைச் சொல்லும் அந்த நாடகத்தை, அதை எழுதிய ஆர்தர் மில்லரே 1983-இல் பெய்ஜிங்குக்குப் போய், சீன நடிகர்களை வைத்துச் சீன மொழியில் இயக்கினார். சதுக்கத்திலிருந்து அதிக தூரமில்லாத அரங்கில்தான் அது நடந்தது. ஊர் கதவைத் திறந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஆறு வருஷம் கழித்து, ஜனநாயகம் கேட்டுச் சதுக்கத்தில் கூடிய மாணவர்களை அடக்க அதே ஊருக்குள் டாங்கிகள் வந்தன. கார்ட்டூன்காரர்கள் சும்மா சிரிப்புக்குப் போட்ட ஒரு மேடைக்காட்சிக்குப் பின்னால் இவ்வளவு கிடக்கிறது.

அதற்காக இதைக் காவியம் என்று தூக்கிவைக்க வேண்டியதில்லை. சீனர்களைப் பற்றி மலிவான கேலிகளும் உண்டு. ஓட்டல் மெனுவைத் தாண்டி யோசிக்காத தலைப்பே சாட்சி. ஆனால் டிஸ்னி அந்தக் கேலிகளுக்காக வெட்கப்பட்டு எபிசோடை எடுத்துவிட்டது என்று நம்புகிறவர் இருந்தால், அவருக்குப் பெருஞ்சுவரில் ஒரு மனை வாங்கித் தரலாம்.

கதையின் முடிவில் செல்மா டாங்கிக்கு முன்னால் நிற்கிறாள். 1989 ஜூன் 5 அன்று சாங்ஆன் சாலையில், கையில் பையோடு டாங்கி வரிசையை மறித்து நின்ற அந்த மனிதரின் படத்தை உலகம் முழுக்கத் தெரியும். அவர் ஊரில்தான் தெரியாது. லூயிசா லிம் என்ற பத்திரிகையாளர் பெய்ஜிங்கின் பல்கலைக்கழகங்களில் படிக்கும் மாணவர்கள் 100 பேரிடம் அந்தப் படத்தைக் காட்டினார். அடையாளம் கண்டவர்கள் 15 பேர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று நம் பாட்டிகள் சொன்னார்கள். பாவம், அவர்களுக்குச் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் சோற்றுப் பானையின் அளவு தெரியாது.

அந்தப் பலகை வாசகத்தில் ‘இந்த இடத்தில்’ என்று ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆட்சியாளர்களின் வாதமும் அதேதான்: சதுக்கத்துக்குள்ளே யாரும் சாகவில்லை. வக்கீல் பேச்சுக்கு நல்ல பாயிண்ட். ஜூன் 3 இரவிலும் 4 விடியலிலும் பெரும்பாலோர் செத்தது சதுக்கத்துக்கு வரும் சாலைகளில். மேற்கே மூசிடி பக்கம் மக்கள் குறுக்கே நின்றார்கள், ராணுவம் சுட்டது. பேராசிரியர் டிங் சிலினின் மகன் அங்கே குண்டடிபட்டுச் செத்தான். வயது 17. அவன் சதுக்கத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதால், கணக்குப்படி அங்கே ஒன்றும் நடக்கவில்லைதான். ராணுவத்தினரையும் சேர்த்துச் சுமார் 300 பேர் செத்ததாக அரசு ஒரு எண் சொன்னது. ஆயிரக்கணக்கில் என்று சொன்னவர்களும் உண்டு. அரசு பெயர்ப்பட்டியல் எதுவும் வெளியிடவில்லை. செத்தவர்களின் அம்மாக்கள் வீடு வீடாகத் தேடி, 200-க்கு மேற்பட்ட பெயர்களைத் திரட்டினார்கள்.

அந்த அம்மாக்களில் இன்னொருவர் சாங் சியன்லிங். அவர் மகனுக்கு 19 வயது. சதுக்கத்தின் வடபக்கம் சுடப்பட்டவன். மகன் விழுந்த இடத்துக்குப் போய் அம்மா அஞ்சலி செலுத்தினார். அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பார்த்தபடி ஒரு கண்காணிப்பு கேமரா வந்துவிட்டது. ஒன்றும் நடக்காத இடத்துக்கு ராத்திரி பகலாகக் காவல்! ஒன்றுமில்லாததை யாராவது திருடிக்கொண்டு போய்விடக்கூடாதே.

இது ஒரு சர்வாதிகார அரசு செய்கிற வேலை; அதனிடம் வேறு எதிர்பார்ப்பு எனக்கு இல்லை. என் கோபம் எலி முதலாளியின் மேல்.

ஹாங்காங்கின் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தை டிஸ்னி பிளஸ் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, அக்டோபர் கடைசியில் இறுக்கினார்கள். தேசப் பாதுகாப்புக்கு ஆகாது என்றால் பழைய படத்துக்குக் கொடுத்த அனுமதியையும் பிடுங்கலாம். மீறித் திரையிட்டால் மூன்று வருஷம் வரை சிறை, பத்து லட்சம் ஹாங்காங் டாலர் வரை அபராதம். கொடுமையான சட்டம். ஆனால் அது ஓடிடிக்குப் பொருந்தாது. 2020-இன் தேசப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மேல் தொங்குகிறது, உண்மை. ஆனாலும் இந்த எபிசோடை எடு என்று யார் கேட்டார்கள், எந்தத் தேதியில் கேட்டார்கள் என்று டிஸ்னி இதுவரை வாய் திறக்கவில்லை. கேட்டிருந்தால் கேட்டவர் பெயரைச் சொல்லலாம். சொல்லாததால் நாம் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்: யாரும் கேட்கவில்லை, அதுவாகவே கொடுத்தது.

கேட்காமலே கொடுப்பது சின்ன விஷயமா? முல்லைக்கொடி வாயைத் திறந்து கேட்டதா, பாரி தேரைக் கொடுக்கவில்லையா? கடையெழு வள்ளல்களுக்கு அப்புறம் நாற்காலி காலியாகவே கிடந்தது. அதில் எட்டாவதாக மிக்கி மௌஸை உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுக்கலாம் என்று முன்மொழிகிறேன். ஒரே ஒரு வித்தியாசம்: பாரி கொடுத்தது தன் தேரை. எலி கொடுத்தது செத்தவர்களின் நினைவை.

இந்த வள்ளல் திடீரென்று முளைத்தவரும் இல்லை. 1997-இல் மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கத்தில் தலாய் லாமாவின் கதையை ‘குண்டுன்’ என்ற படமாக டிஸ்னி வெளியிட்டது. பெய்ஜிங் முறைத்தது. 1998 அக்டோபரில் டிஸ்னியின் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் சீனப் பிரதமர் ஜூ ரோங்ஜியைச் சந்தித்து, அது முட்டாள்தனமான தப்பு என்று மன்னிப்புக் கேட்டார். 2005-இல் ஹாங்காங்கில் டிஸ்னிலேண்ட் திறந்தது. அதில் பெரும்பங்கு ஹாங்காங் அரசுக்கு. 2016-இல் ஷாங்காயில் இன்னொன்று. பெரும்பங்கு சீன அரசு நிறுவனத்துக்கு. 2020-இல் ‘முலான்’ படத்தின் கடைசியில் நன்றிப் பட்டியல் ஓடியது. வீகர் முஸ்லிம்களை முகாம்களில் அடைத்துவைத்திருக்கும் ஷின்ஜியாங்கின் பிரசாரத் துறைக்கும், அங்கே உள்ள துர்ஃபான் நகரின் பொதுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அதில் நன்றி சொல்லியிருந்தார்கள். முகாம் காவலர்களுக்கு நன்றி சொல்லத் தெரிந்த கம்பெனிக்கு ஒரு கார்ட்டூன் பலகை எம்மாத்திரம்.

பழைய முதலாளி மட்டும் யோக்கியரா? சிம்ப்சன்ஸை முதலில் வைத்திருந்தது ரூபர்ட் முர்டோக்கின் ஃபாக்ஸ். அவருடைய ஸ்டார் டிவி ஹாங்காங்கிலிருந்து ஒளிபரப்பானது. பெய்ஜிங்குக்குப் பிபிசி செய்தி பிடிக்கவில்லை என்றதும் 1994-இல் சீனாவை நோக்கிய ஒளிபரப்பிலிருந்து பிபிசியைக் கழற்றிவிட்டார். 1998-இல் ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் ஆளுநர் கிறிஸ் பேட்டனின் புத்தகத்தையும் அவருடைய பதிப்பகம் கைவிட்டது. நம் விஜய் டிவியும் அந்த ஸ்டார் குடும்பத்துக்கு வாக்கப்பட்ட மருமகள்தான். 2019-இல் மாமனார் சொத்தை விற்றபோது அவளும் சேர்ந்து டிஸ்னி வீட்டுக்குப் போனாள். சிம்ப்சன்ஸ் ஒரு மாமியார் வீட்டிலிருந்து இன்னொரு மாமியார் வீட்டுக்குப் போனது, அவ்வளவுதான். சமையலறை வழக்கம் ஒன்றே.

இங்கேதான் துணுக்கு வேட்டைக்காரர்கள் துள்ளிக் குதிப்பார்கள். சிம்ப்சன்ஸ் எதிர்காலத்தை முன்கூட்டியே சொல்லும் என்பது அவர்களுடைய வேதம். 1998 நவம்பரில் வந்த எபிசோடில், ‘ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், வால்ட் டிஸ்னி கம்பெனியின் ஒரு பிரிவு’ என்று ஒரு பலகை வரும். ஐஸ்னர் பெய்ஜிங்கில் கைகட்டி நின்று சில வாரங்கள்தான் ஆகியிருந்தன அப்போது. இருபது வருஷம் கழித்து, 2019 மார்ச்சில், 7,130 கோடி டாலருக்கு டிஸ்னி அதை வாங்கியேவிட்டது. ஆகா, பலித்தது பார் என்று மாய்ந்து மாய்ந்து எழுதினார்கள். ஆனால் 2005-இன் பலகை 2021-இல் பலித்ததைத் தீர்க்கதரிசனப் பட்டியலில் சேர்க்க அவர்களுக்குக் கை வரவில்லை. கம்பெனி கைமாறினால் சுவாரசியம். பிணம் கைமாறினால் அரசியல், நமக்கு வேண்டாம்.

அவர்களுக்காகவே ஒரு துணுக்கு, இலவசமாகத் தருகிறேன். சிம்ப்சன்ஸ் தனித் தொடராக முதன்முதலில் ஒளிபரப்பான நாள் 1989 டிசம்பர் 17. டாங்கிகள் வந்த அதே வருஷம். 1989-இல் ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஹோமர் பிறக்கவில்லை, பார்ட் பிறக்கவில்லை, 7,130 கோடி டாலரில் அவர்களுக்கான பங்கு தண்டம். டிஸ்னியின் கணக்குப்பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

பயண எபிசோடுகளுக்கு இதற்கு முன்பும் எதிர்ப்பு வந்ததுண்டு. 2002-இல் குடும்பம் பிரேசிலுக்குப் போனது. தெருவில் குரங்குகள், எலிகள், கடத்தல்காரர்கள் என்று ரியோவை அசிங்கமாகக் காட்டினார்கள். ரியோ சுற்றுலாத் துறை வழக்குப் போடுவேன் என்றது. ஜனாதிபதி கார்டோசோ வருத்தப்பட்டார். தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் மன்னிப்புக் கேட்டார். எப்படி? இதுவும் போதாது என்றால் ஹோமர் உங்கள் ஜனாதிபதியோடு குத்துச்சண்டைக்கு ரெடி என்று. என்ன வீரம்! பிரேசில் கோபப்பட்டால் குத்துச்சண்டைக்கு அழைப்பு. பெய்ஜிங்கோ கோபப்படும் முன்பே எபிசோடைக் காணோம். குட்டக் குட்டக் குனிகிறவனைப் பார்த்திருக்கிறோம். குட்டுகிறவன் ஊரிலிருந்து கிளம்புவதற்குள் குனிந்து, தலையில் எண்ணெயும் தடவிவைத்துக் காத்திருக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறோம்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அமெரிக்காவில் மீசை: நாங்கள் எவனையும் விடமாட்டோம், எங்கள் முதலாளியையே கிண்டலடிப்போம், பார்த்தீர்களா எங்கள் சுதந்திரம் என்று முறுக்கிக்கொள்ளலாம். ஹாங்காங்கில் கூழ். முதலாளியைத் திட்டும் ஜோக்குக்கு முதலாளியே சம்பளம் கொடுப்பது ஏதோ பெருந்தன்மை என்று நாமும் முப்பது வருஷமாகக் கைதட்டினோம். அந்த ஜோக்குகளால் எந்த முதலாளிக்காவது ஒரு பைசா நஷ்டம் வந்ததுண்டா என்று கேட்கவில்லை. நஷ்டம் வரக்கூடிய முதல் ஜோக்கிலேயே விடை கிடைத்துவிட்டது.

இவ்வளவு விசுவாசத்துக்குச் சீனா என்ன திருப்பிக் கொடுத்தது? 2006-இல் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு மணி வரை வெளிநாட்டுக் கார்ட்டூன் எதையும் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். சிம்ப்சன்ஸ் போனது. மிக்கி மௌஸும் போனது. 2018-இல் டிஸ்னியின் ‘கிறிஸ்டோபர் ராபின்’ படத்துக்குச் சீனாவில் அனுமதி கிடைக்கவில்லை. அதில் வருகிற வின்னி த பூ என்ற கரடியை அதிபர் ஷி ஜின்பிங்கோடு ஒப்பிட்டு இளசுகள் சிரித்ததுதான் காரணம் என்று பேச்சு. சலாம் போட்டவனையே உதைத்தால் அவன் காலைப் பிடித்து, வலிக்கிறதா என்று கேட்பான். அப்படித்தான் கேட்டார்கள்.

2021-இன் கடைசி மாதங்களில் ஹாங்காங்கில் காணாமல் போனது ஒரு எபிசோட் மட்டும் என்றால் நான் இவ்வளவு கத்த மாட்டேன். 1990 முதல் 2019 வரை ஒவ்வொரு ஜூன் 4 அன்றும் விக்டோரியா பூங்காவில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். 2020-இல் கொரோனா என்று தடை. அந்த நிகழ்ச்சியை நடத்திய கூட்டமைப்பு 2021 செப்டம்பரில் கலைந்தது. அதன் துணைத் தலைவர், வழக்கறிஞர் சௌ ஹாங்-துங் சிறைக்குப் போனார். டிசம்பர் 22 ராத்திரி, ஹாங்காங் பல்கலைக்கழக வளாகத்தில் 1989-இல் செத்தவர்களின் நினைவாக இருந்த ‘அவமானத் தூண்’ சிலையைத் தடுப்புக் கட்டி மறைத்துப் பிரித்தெடுத்தார்கள். டென்மார்க் சிற்பி யென்ஸ் கால்ஷியோட் செய்தது, எட்டு மீட்டர் உயரம், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த உடல்கள். ஒரு நாள் கழித்து இன்னொரு பல்கலைக்கழகத்தில், 1989 மாணவர்களின் சின்னமான ஜனநாயக தேவதையின் சிலையும் போயிற்று. பல்கலைக்கழகம் ராத்திரியில் தடுப்பு கட்டியது. போலீஸ் பகலில் கைது செய்தது. டிஸ்னி எண்ணிக்கையில் ஒன்றை விட்டுவிட்டது. மூன்றும் ஒரே வேலையின் மூன்று ஷிஃப்ட்.

அந்த விக்டோரியா பூங்காவில் 2023 முதல் ஜூன் 4 சமயத்தில் சொந்த ஊர்த் தின்பண்டத் திருவிழா நடக்கிறது. பெய்ஜிங் ஆதரவுச் சங்கங்கள் ஏற்பாடு. மெழுகுவத்தி எரிந்த இடத்தில் அடுப்பு எரிகிறது. சுற்றிலும் போலீஸ். 2024-இல் பக்கத்துத் தெருவில் ஒரு நிகழ்த்துகலைஞர் விரலால் காற்றில் நாலு இலக்கங்கள் எழுதினார்: 8964. வருஷம், மாதம், நாள். காற்றில் எழுதியதற்காகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

2023-இல் டிஸ்னி இன்னொரு படி மேலே போனது. 34-ஆவது சீசனில் மார்ஜ் உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கிறாள். திரையில் சீனப் பெருஞ்சுவர். பயிற்சி கொடுக்கிற பெண் சீனாவின் அதிசயங்கள் என்று அடுக்கும்போது, பிள்ளைகள் ஸ்மார்ட்போன் தயாரிக்கிற கட்டாய உழைப்பு முகாம்களையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிப்போகிறாள். அந்த எபிசோடும் ஹாங்காங்கில் இல்லை. முன்பு பலகை, இப்போது ஒற்றை வாக்கியம்.

மைக்ரோசாஃப்ட் கதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2021 ஜூன் 4 அன்று பிங் தேடுபொறியில் ‘டாங்க் மேன்’ என்று படம் தேடினால், சீனாவில் அல்ல, அமெரிக்காவிலேயே, ஒன்றும் வரவில்லை. தற்செயலான மனிதப் பிழை என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. வருஷத்தின் 365 நாளில் தற்செயலுக்கு அந்த ஒரு நாள்தான் தோதாக இருந்திருக்கிறது.

இப்படி எல்லாரும் சேர்ந்து துடைப்பதில் ஒரு சிக்கல் வந்துவிட்டது. 2022 ஜூன் 3 ராத்திரி, லிப்ஸ்டிக் மன்னன் என்று பெயரெடுத்த லி ஜியாச்சி நேரலையில் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். சீனாவின் மிகப் பெரிய இணைய விற்பனையாளர்களில் ஒருவர். மேடையில் ஒரு ஐஸ்கிரீம் வந்தது. பிஸ்கட் சக்கரம் வைத்து டாங்கி வடிவத்தில் இருந்தது. நேரலை அறுந்தது. மாதக்கணக்கில் ஆளைக் காணோம். ஐஸ்கிரீமில் என்ன தப்பு என்று அவருடைய இளம் ரசிகர்கள் விளங்காமல் தேட ஆரம்பித்தார்கள். தேடினவர்களில் சிலருக்கு முதல் தடவையாக அந்தத் தேதி தட்டுப்பட்டது. என்ன நடந்தது என்று தெரியாதவனால் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கக்கூட முடியாது.

இணையத்தைத் துடைக்கும் வேலையை வெளியே எடுத்துச் செய்கிற சீனக் கம்பெனிகளுக்கும் இதே தலைவலி. 2019 தொடக்கத்தில் ‘நியூயார்க் டைம்ஸ்’ அப்படி ஒரு கம்பெனிக்குள் போய் எழுதியது. வேலைக்கு வருகிற பட்டதாரிப் பையன்களுக்கு 1989 தெரியவில்லை; தெரியாவிட்டால் எதை அழிப்பது? அதனால் முதலில் உட்காரவைத்து, தியானன்மென்னில் நடந்ததைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் கணினி முன்னால் விடுகிறார்கள். அந்தப் பாடம் வேண்டுமென்றால் அங்கேதான் வேலைக்கு மனுப் போட வேண்டும். படிக்கும்போதே சம்பளமும் தருவார்கள்.